ஒரே தரத்தில் அடைத்த பல்

மல்லாவி
04.03.2024
பதிவுத் தபால்

பல் வைத்தியர் க. வினோதன் அவர்களுக்கு,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு "நான் அப்பிடிக் கதைக்கேல்லையே" என்பீர். ஆகவே எழுத்தில் இருக்கட்டும்.

சென்ற வருடம் தை மாதம் பதினேழாம் திகதி, கிளிநொச்சியில் உம்முடைய கிளினிக்கில், என் வலப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்தீர். அவசரத்துக்கு வேறு ஆள் இல்லாமல் வந்தேன். பதினான்கு மாதங்கூட நிறையவில்லை, முந்தநாள் அந்தப் பல் உடைந்துவிட்டது. ஒன்றைக் கவனிக்கவும்: உம்முடைய அடைப்பு உடையவில்லை. அது கல்லுப்போல நிற்கிறது. அதற்குப் பக்கத்தில், நாக்குப் பக்கமாக நின்ற என்னுடைய சொந்தச் சுவர்தான் சரிந்து கையில் வந்தது.

அன்று நான் வெள்ளி அடைக்கச் சொன்னேன். "அது பழைய முறை சேர், இதெண்டால் பல்லோட ஒட்டும்" என்று சொல்லி வெள்ளைப் பசையைப் போட்டீர். உலோகத்தின் பலத்தைப் பற்றி ஒரு பௌதிகவியல் ஆசிரியனுக்கே வகுப்பெடுத்தீர்.

இந்தப் பல்லின் பெறுமதி உமக்குத் தெரியவேண்டும். இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் மூன்றையும் 2009இல் முகாமில் பிடுங்கினார்கள். அன்றுமுதல் நான் மெல்லுவது வலப்பக்கத்தால் மட்டும். இதுவும் போனால் ஐம்பத்து மூன்று வயதில் எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

1990 உயர்தரப் பரீட்சையில் என்னுடைய புள்ளி 252. உம்முடையது 241. பத்தாம் வகுப்புவரை நாம் இருவரும் கிளிநொச்சியில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு அப்பா என்னை யாழ்ப்பாணத்துக்குப் படிக்க அனுப்பியதால், மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைக்கும் முறையில், நான் யாழ் மாவட்டக் கணக்கில் விழுந்து, இரண்டு புள்ளியால் தவறினேன். நீர் கிளிநொச்சிக் கணக்கில் பல் மருத்துவ பீடத்துக்குப் போனீர். பதினொரு புள்ளி குறைந்தவரிடம் வாயைத் திறந்து கொடுத்ததன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவும். தவறினால் மருத்துவ சபைக்கு மனுப் போகும். வரைவு தயார். நான்கு பக்கம்.

இ. பிரதாபன்


கிளிநொச்சி
09.03.2024

மதிப்புக்குரிய பிரதாபன் சேருக்கு,

உங்கள் கடிதத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே வந்தால், ஜெயரூபி கேட்கிறா: "என்ன டொக்டர், கோர்ட்டுக் கடிதமோ?" ஜெயரூபி என்னுடன் வேலை செய்கிற பிள்ளை. "இல்லையம்மா, பழைய கூட்டாளி" என்றேன். நம்பவில்லை.

விளக்கம் கேட்டீர்கள். தருகிறேன். மனுவோடு இணைக்க விரும்பினால் இணைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைப் பசை நீல வெளிச்சம் பட்டதும் இறுகும். இறுகும்போது சுருங்கும், நூறில் இரண்டு மூன்று பங்கு. பல்லோடு ஒட்டிக்கொண்டு சுருங்குவதால் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்ளே இழுக்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, சரிவாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே இறுக்க வேண்டும். உங்கள் பல்லுக்கு நான்கு அடுக்கு வேண்டும். அன்று நான் போட்டது ஒன்று. முழுக்குழியையும் ஒரே தரத்தில், ஒரே தடவையாக நிரப்பி வெளிச்சம் பிடித்தேன்.

ஏன்? மின்வெட்டுக் காலம் அது. ஐந்து மணிக்குக் கரண்ட் போகும். உங்கள் முறை வந்தபோது பத்து நிமிடம்தான் இருந்தது. நீல வெளிச்ச லாம்பின் பற்றரி அந்த வாரமே செத்துவிட்டது. "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் மல்லாவியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, முகத்தை அப்படி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். உங்களிடம் நாளைக்கு வாங்கோ என்று சொல்ல எனக்குப் பயம். இதுதான் உண்மை.

இரண்டாவது பிழையும் என்னுடையதுதான். அந்த நாக்குப் பக்கச் சுவர் மெல்லியது. அதை உயரம் குறைத்து, மேலால் மூடிக் கட்டியிருக்க வேண்டும். வடிவாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். வெடிப்பு, பல்லைச் சுற்றியிருக்கும் முரசுச் சதைக்குக் கீழே இறங்கியிருக்காவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம். அந்தப் பக்கத்தால் மெல்லவே வேண்டாம். ஒவ்வொரு கடியும் வெடிப்பை இறக்கும். உடனே வாருங்கள். வராவிட்டாலும் உடைந்த துண்டையாவது அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். உடைந்த நேரம் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?

புள்ளி விஷயம்: 241 சரி. நானும் மறக்கவில்லை.

க. வினோதன்


மல்லாவி
14.03.2024

வினோதன் அவர்களுக்கு,

துண்டை அனுப்புகிறேன். தபாலில் தொலையும் என்று பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தேன். "என்ன சேர் பார்சலுக்குள்ள?" என்றான். "பல்லு" என்றேன். "ஆற்ற பல்லு?" "என்ர." பொதியைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "உயிரோட ஒரு ஆள் தன்ர பல்லைத் தானே அனுப்பிறதை இப்பத்தான் காணுறன்" என்று சொல்லி, பஸ் முழுவதும் கேட்கச் சிரித்தான்.

சாப்பிட்டது சோறும் பருப்பும். வேறொன்றும் இல்லை. சோறும் பருப்பும் தாங்காத வேலை உம்முடையது.

நீர் பிழையை ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியம். ஆனாலும் சுருக்கம், இழுவை என்று நீர் சொல்வதை நான் அப்படியே விழுங்கத் தயாரில்லை. நான் சொல்வது எளிது: பலமான பொருளைப் போட்டால் பலமாக நிற்கும். வெள்ளி போட்டவர்களின் பல்லில் இருபது வருடம் அப்படியே கிடக்கிறது. உலோகம் உலோகம்தான். உம்முடைய தகப்பனார் கணபதி எங்கள் வீட்டில் விறகு கொத்தியவர். அவரைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

வாதம் வேண்டாம், அளந்து பார்ப்போம். என்னிடம் ஆய்வுகூடம் இருக்கிறது. உம்மிடம் பிடுங்கிய பற்கள் இருக்கும். நீர் அடைத்து அனுப்பும். நான் நெம்புகோல் பூட்டி, எது எத்தனை கிலோவில் உடைகிறது என்று பார்க்கிறேன். முடிவு தெரியும்வரை உம்முடைய கதிரையில் நான் ஏறமாட்டேன்.

ஞானேஸ்வரி இதை எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, "உங்களுக்கு நோகிறது பல்லோ, வேற ஏதுமோ?" என்கிறா. மனைவிமாருக்கு விஞ்ஞானம் விளங்காது.

இ. பிரதாபன்


கிளிநொச்சி
21.03.2024

பிரதாபன் சேர்,

கடிதத்தைக் கண்டதும் துள்ளினேன்! முப்பது வருடமாகப் பல் அடைக்கிறேன். ஒருவராவது "அளந்து பார்ப்போம்" என்று சொன்னதில்லை.

எட்டுப் பற்கள் அனுப்புகிறேன். பல்லுக்குக் கம்பி கட்டவென்று பிடுங்கிய சொத்தையில்லாத பற்கள், கேட்டுத்தான் எடுத்து வைத்தேன். எட்டிலும் ஒரே அளவில் குழி தோண்டினேன். இரண்டு வெள்ளி. இரண்டு, சுவரைக் குறைத்து மேலால் மூடியவை. மிச்சம் நான்கும் வெள்ளைப் பசை. அதில் இரண்டு நான்கு அடுக்காகப் போட்டவை, இரண்டு உங்களுக்குச் செய்ததுபோல ஒரே தரத்தில். இந்த நான்கையும் கண்ணால் பிரிக்க முடியாது, இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. விடை ஒட்டிய உறைக்குள். உடைத்து முடிந்தபின் பிரியுங்கள். பல்லைக் காய விடாதீர்கள், காய்ந்தால் தானாக வெடிக்கும்.

என் ஊகத்தை இப்போதே எழுதுகிறேன்: முதலில் போவது வெள்ளி.

ஓம், அப்பா உங்கள் வீட்டில் விறகு கொத்தினவர்தான். பாலை மரக்குற்றியைப் பிளக்க என்ன செய்வார் என்று நீங்கள் பார்க்கவில்லை, நான் பக்கத்தில் நின்றவன். இரும்பு ஆப்பை நடுவில் வைத்து அடிப்பார். ஆப்பு மரத்தைவிடப் பலம். அதனால்தான் மரம் பிளக்கிறது. வெள்ளி பல்லோடு ஒட்டாது சேர், சும்மா நடுவில் இருக்கும். நீங்கள் கடிக்க அது ஆப்பு. இருபது வருடம் அது கிடக்கும், உண்மைதான். பக்கச் சுவர் கிடக்குமா என்பதுதான் கேள்வி. அடைப்பின் பலம் வேறு, அடைத்த பல்லின் பலம் வேறு.

உங்கள் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உடைவு முரசுக்கு மேலேயே வெளியே திரும்பியிருக்கிறது. காப்பாற்றலாம்! ஆனால் மிச்சச் சுவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். வருடப்பிறப்புக்கு முதல் வாருங்கள். அதற்குப் பிறகு என்னால் உறுதி சொல்ல முடியாது.

பருப்புக்குள் கல் ஏதும் கிடந்ததா?

வினோதன்


மல்லாவி
31.03.2024

வினோதனுக்கு,

எட்டையும் உடைத்து முடித்துவிட்டேன். ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

போத்தல் மூடிகளுக்குள் சீமெந்து குழைத்துப் பல்லை நட்டேன். பள்ளிக்கூடத் தோட்டத்தில் குழி தோண்டும் இரும்பு அலவாங்குதான் நெம்புகோல். ஒரு நுனியை மேசையின் கீழ்ச் சட்டத்தில் பூட்டி, பல்லின் மேல் லொறிச் சில்லுப் பெயரிங்கின் உருக்குக் குண்டை வைத்து, மற்ற நுனியில் வாளியைத் தொங்கவிட்டேன். வாளியில் ஒரு கிலோ தண்ணீர் விட்டால் பல்லில் எட்டுக் கிலோ. அலவாங்கின் பாரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

ஆனால் பாரம் வைப்பதற்கு முதலே ஒன்று நடந்தது. அந்த நான்கு வெள்ளைப் பற்களையும் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கையில், சுருக்கம் சுவரை இழுக்குமென்றால் எங்கேயோ அடையாளம் இருக்க வேண்டுமே என்று தோன்றியது. நீல மையில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவித் துடைத்தேன். மூன்றாம் இலக்கத்திலும் ஆறாம் இலக்கத்திலும் மயிரிழைக் கோடுகள்! அடைப்பின் ஓரத்தில் ஒன்று, சுவரின் அடியில் ஒன்று. மற்ற இரண்டும் சுத்தம். ஒரு கிலோகூட வைக்கவில்லை வினோதன், ஒருவரும் கடிக்கவில்லை, அதற்குள் பல் வெடித்திருக்கிறது! "மூன்று, ஆறு: ஒரே தரம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் உடைக்கத் தொடங்கினேன்.

வெள்ளி: 52, 49. சத்தமே வேறு. "டிக்" என்று நடுவால் இரண்டாகப் பிளந்தது, பிளவு வேர்வரை. அடைப்பு முழுசாகத் துள்ளி விழுந்து மேசையில் உருண்டது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உம்முடைய அப்பாவின் ஆப்புத்தான் தெரிந்தது. பிழை என்னுடையது. எழுத்தில் தருகிறேன்.

மூன்றும் ஆறும்: 61, 64.

அடுக்காகப் போட்டவை: 83, 88.

சுவரைக் குறைத்து மூடியவை: 97, 104. நூறைத் தாண்டியபோது வாளி நிறைந்துவிட்டது, கைப்பையைக் கழற்றி அதில் தொங்கவிட்டேன்! உடைந்ததும் மேலே மூடின பகுதிதான், வேர் தப்பிவிட்டது. அதாவது திருத்தக்கூடிய உடைவு.

உறையைப் பிரித்தேன். மூன்று, ஆறு. மை சொன்னது சரி. தனியே நின்று கை தட்டினேன். இப்படி நான் கை தட்டி எத்தனை வருடம் என்று தெரியவில்லை.

ஒரே பொருள், ஒரே குழி, ஒரே கை. போட்ட விதம் மட்டும் வேறு. அதற்கு இருபது கிலோவுக்கு மேல் வித்தியாசம்! இதை நான் உயர்தர வகுப்புக்குச் சொல்லப் போகிறேன்.

ஆகவே உம்முடைய பிழை நிரூபணமாகிவிட்டது. ஒரே தரத்தில் போட்ட பல் அறுபத்தொரு கிலோவில்

இக்கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன். ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரதாபன்


கிளிநொச்சி
03.04.2024

பிரதாபன் சேர்,

மை! அதை நான் ஏன் நினைக்கவில்லை! நேற்று நானும் இரண்டு பல்லை ஊற வைத்தேன். உங்கள் கடிதத்தை ஜெயரூபிக்கு வாசித்துக் காட்ட, "அந்தச் சேர் இஞ்ச வேலைக்கு வருவாரோ?" என்று கேட்கிறா.

உங்கள் கணக்கு எனக்கு எதிராகத்தான் நிற்கிறது. மனுவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஐந்தாம் பக்கமாகச் சேருங்கள்.

ஆனால் நீங்கள் நிறுத்திய இடத்தில் நானும் நின்றேன். சோறும் பருப்பும் மெல்ல ஐந்து கிலோ, மிஞ்சினால் பத்து. நீங்கள் உடைத்தவை சின்னப் பற்கள், உங்கள் கடைவாய்ப் பல் அதைவிடப் பெரியது. அது அறுபத்தொரு கிலோவுக்கும் மேலே தாங்கியிருக்கும். மிச்ச ஐம்பது கிலோ எங்கேயிருந்து வந்தது சேர்?

நான் கேட்பது மனுவுக்காக அல்ல. என்ன கடிக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தடிப்பாக மூடிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும்.

வருடப்பிறப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

வினோதன்


மல்லாவி
06.04.2024

வினோதன்,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

பருப்பு இல்லை. புழுக்கொடியல். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கைத் துண்டாக்காமல் முழுசாக, வலப்பக்கத்தால்.

அதையும் முழுதாகச் சொல்கிறேன். நீர் அடைத்த மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அலுமாரிக்குள் இருக்கும் டின்னைத் திறந்து, ஒன்றோ இரண்டோ எடுத்து, அந்தப் பல்லிலேயே வைத்துக் கடித்தேன். பசியால் அல்ல. உம்முடைய வேலை எப்போது உடையும் என்று பார்க்க. இன்று உடையும், நாளை உடையும், 241 எடுத்தவனின் வேலை எத்தனை நாளைக்கு என்று காத்திருந்தேன். அவசரத்துக்கு ஆளில்லாமல் வந்தேன் என்று எழுதியதும் பொய். இங்கே கிட்ட மாங்குளத்திலேயே பல் வைத்தியர் இருக்கிறார். நான் உம்மிடம் குறை பிடிக்கவே வந்தேன்.

ஞானேஸ்வரிக்குத் தெரியும். "பல்லுக் கொட்டப்போகுது, ஏன் இப்பிடி மாடு மாதிரிக் கடிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டா. "ஆராய்ச்சி" என்றேன். உடைந்த அன்று வலியோடு வலியாக எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. உடனே மனு எழுத இருந்தேன். பல்லை விழுங்காமல் துப்பினேனே, அதுகூடச் சாட்சிக்காகத்தான்.

மற்றவனுடைய பிழையைக் கண்டுபிடிக்க என்னுடைய கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பணயம் வைத்த ஆள் நான். நான் கட்டிய நெம்புகோலே இதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எண்களை மாற்றி எழுத எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.

மனுவைக் கிழித்துவிட்டேன். நீர் என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் விளங்கிக்கொள்வேன்.

பிரதாபன்


கிளிநொச்சி
08.04.2024
பஸ் கொண்டக்டர் கையில்

டேய் பிரதாபன்!

பதினான்கு மாதமா? ஒவ்வொரு நாளுமா? புழுக்கொடியலா?

விசரா! உனக்கு விளங்குகிறதா நீ என்ன செய்தாய் என்று? பத்து நிமிடத்தில், பற்றரி செத்த லாம்போடு, பயந்து பயந்து, பிழையான முறையில் போட்ட ஒரு அடைப்பு, நானூறு நாள் புழுக்கொடியலுக்கு நின்றிருக்கிறது! பல் ஒரே அடியில் உடைவதில்லை மச்சான். கம்பியை வளைத்து வளைத்து முறிப்பதுபோல ஒவ்வொரு கடிக்கும் சுவர் கொஞ்சம் வளைந்து, அந்த மயிரிழைக் கோடு கொஞ்சம் இறங்கி, ஒருநாள் போகும். அதைப் பரிசோதிக்க யந்திரம் வேண்டும், லட்சம் கடி கடிக்கிற யந்திரம். எங்களிடம் கிடையாது என்று வருடக்கணக்காக அழுகிறேன். மல்லாவியில் ஒன்று நடமாடிக்கொண்டு இருந்திருக்கிறது!

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கதிரையில் இருந்த ஆளின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த மனுசன் தன் பல்லைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட்டது.

நீ யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறின அன்று நான் சந்தியில் நின்று கை காட்டினேன். நீ பார்க்கவில்லை. அந்த வாங்கில் உன் பக்கம் இரண்டு வருடம் வெறுமையாக இருந்தது. நீ இருந்து சொல்லித் தந்திருந்தால் நானும் 252 எடுத்திருப்பேனடா. உனக்கும் பீடம் கிடைத்திருக்கும். இது உன்னுடைய பிழையுமில்லை, என்னுடைய பிழையுமில்லை.

புதன்கிழமை பத்து மணி. உனக்கு முன்னும் பின்னும் ஒருவரையும் போடவில்லை. கரண்ட் இருக்கிறது, புதுப் பற்றரியும் இருக்கிறது. வாடா.

வினோதன்


மல்லாவி
11.04.2024

அன்புள்ள வினோதன்,

நேற்று ஒன்றரை மணித்தியாலம் என் வாயைத் திறந்து வைத்திருந்தாய். முப்பத்து நான்கு வருடமாகச் சொல்ல வைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை. பஞ்சும் குழாயுமாக "ஆ" என்று கிடந்தேன். நீயோ நிற்காமல் கதைத்துக்கொண்டு இருந்தாய். ஆகவே இதையும் எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீல வெளிச்சம் ஒவ்வொரு தரமும் "பீப்" என்றபோது எண்ணினேன். சுவருக்கு ஒன்று, அடிக்கு ஒன்று, சரிவாக இரண்டு, மேல்மூடிக்கு மூன்று. ஏழு. நான்கு போதும் என்று எழுதியவன் ஏழு போட்டாய். ஜெயரூபி கண்ணாடியைப் பிடித்துக் காட்டியபோது எது உன்னுடையது, எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. மையில் ஊற வைத்தால்தான் தெரியும். ஊற வைக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஞானேஸ்வரி அந்தப் புழுக்கொடியல் டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தா.

"இந்தாங்கோ. கடிச்சுப் பாருங்கோவன், உங்கட கூட்டாளியின்ர வேலையை."

திறந்தேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். பழக்கத்தில் வாய்வரை போய்விட்டது. வலப்பக்கம் நாக்கை வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று, முழுப்பல்லாக இருந்தது. அப்போதுதான், நீ செய்த ஒன்று உடைந்துவிடக்கூடாது என்று வாழ்க்கையில் முதல் தரமாக நினைத்தேன் மச்சான்.

டின்னை மூடி இந்தப் பொதியோடு அனுப்புகிறேன். உனக்கு எல்லாம் சொந்தப் பல். கொண்டக்டர் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்த முறை எத்தினை பல்லு சேர்?" என்று கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இரவு சோறும் பருப்பும் சாப்பிட்டேன். இந்தமுறை உண்மையாகவே.

பிரதாபன்